ஹாக்நோஸ் பாம்பு வளர்ப்பு: முதல் பாம்பாக எடுப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

மூக்கு நுனி பன்றி மூக்கு மாதிரி மேலே மடங்கியிருக்கும். உடம்பு குட்டை, தடிமன். தொந்தரவு செய்தால் கழுத்தை நல்லபாம்பு போல விரித்து, சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போலச் சீறி, வாயைத் திறக்காமலே மூக்கால் முட்டும். இதுதான் மேற்கத்திய ஹாக்நோஸ். பேர்ட், ஜிரார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1852-இல் இதை ஹெட்டரோடான் நாசிகஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். கனடாவின் தெற்கிலிருந்து அமெரிக்கப் பெரும்புல்வெளி வழியாக மெக்ஸிகோவின் வடக்கு வரை, மணற்பாங்கான நிலங்களில் வாழ்கிறது. ஆண் 35 முதல் 45 செ.மீ. வரைதான் வளரும். பெண் 50 முதல் 75 செ.மீ. வரை போகும், எடையும் ஆணைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சரியாக வளர்த்தால் 15 முதல் 20 ஆண்டுகள் இருக்கும்.

இதற்கு லேசான நஞ்சு உண்டு. புதிதாக வளர்க்க வருபவர்கள் இதைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள், ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம்.

நஞ்சு எப்படிப்பட்டது

நல்லபாம்புக்கோ விரியனுக்கோ இருப்பது போல ஊசியாகக் குத்தி நஞ்சைச் செலுத்தும் பல் இதற்குக் கிடையாது. மேல்தாடையின் பின்பக்கம் கொஞ்சம் நீண்ட பற்கள் இருக்கும். துவர்னாய் சுரப்பி என்ற சுரப்பியிலிருந்து நஞ்சு கலந்த எச்சில் அந்தப் பல்லடியில் கசியும். அது உள்ளே இறங்க வேண்டுமானால் பாம்பு பிடித்த பிடியை விடாமல் மெல்ல வேண்டும். காட்டில் இதன் முக்கிய இரை தேரை. தேரைத் தோலின் நஞ்சு இதை ஒன்றும் செய்வதில்லை.

மனிதக் கையிலும் இதே கணக்குதான். சட்டென்று கொத்திவிட்டு விட்டால் பெரும்பாலும் ஊசி கீறிய அடையாளம் மட்டும். சில நிமிடங்கள் மெல்ல விட்டால் கை வீங்கும், கொப்புளம் வரும், தோல் நீலம் பாரிக்கும். வீக்கம் வடியச் சில நாள் முதல் ஓரிரு வாரம் வரை ஆகலாம். அரிதாக, ரத்தத் தட்டணுக்கள் குறைந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இந்தக் கடியால் யாரும் இறந்ததாகப் பதிவில்லை. இதற்கென்று தனி நஞ்சுமுறி மருந்தும் இல்லை.

ஹாக்நோஸ் கோபத்தில் கடிப்பது அபூர்வம். கையை எலி என்று நினைத்துத்தான் கடிக்கிறது. எனவே வளர்ப்பு முழுக்க ஒரே காரியத்தைச் சுற்றித்தான்: கையும் சாப்பாடும் அதன் மூளையில் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்வது.

முதலில் சட்டம்

இந்தியாவில் நம்மூர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்கொத்திப் பாம்பு என்று நாம் சொல்லும் பச்சைப்பாம்புக்கும் இதே போலப் பின்பல்லும் லேசான நஞ்சும்தான். ஆனால் தோட்டத்தில் கண்டால் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டியதுதான். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வைக்க அனுமதியில்லை. அமெரிக்கா, கனடாவில் மாநிலத்துக்கு மாநிலம், நகரத்துக்கு நகரம் விதி மாறும். சில நகராட்சி விதிகளில் ‘நஞ்சுள்ள விலங்குகள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கும், ஹாக்நோஸ் அதில் சேருமா என்று கடைக்காரர் சொல்வதை நம்பக் கூடாது. நகராட்சிக்கே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும்.

எதை, எப்படி வாங்குவது

பெயரில் குழப்பம் உண்டு. கிழக்கு ஹாக்நோஸும் தெற்கு ஹாக்நோஸும் கிட்டத்தட்டத் தேரையை மட்டுமே நம்பி வாழ்பவை. எலிக்குப் பழக்குவது அனுபவசாலிகளுக்கே தலைவலி. முவ்வண்ண ஹாக்நோஸ் என்று விற்பது தென் அமெரிக்காவின் வேறு இனம். தொடக்கக்காரருக்கு மேற்கத்தியது மட்டும்.

வளர்ப்பில் பிறந்த குட்டிதான் வேண்டும், காட்டில் பிடித்தது வேண்டாம். வாங்கும்போது விற்பவரிடம் தீனிப் பதிவேட்டைக் கேளுங்கள். உறைநிலையிலிருந்து இளக்கிய எலியை, எந்த வாசனையும் தடவாமல், தொடர்ந்து குறைந்தது 6 முறை தின்றிருக்க வேண்டும். ‘நன்றாகச் சாப்பிடும்’ என்ற வாய்வார்த்தை பதிவேடாகாது. முட்டையிலிருந்து வந்த குட்டி 5 முதல் 7 கிராம்தான் இருக்கும். அதை வாங்காமல் 15 கிராம் தாண்டியதை வாங்குவது நல்லது. நூறு டாலர் கூடக் கொடுத்தாலும் லாபம்தான், தின்ன மறுக்கும் கட்டத்தை விற்பவரே கடந்து கொடுத்துவிடுகிறார்.

கையில் வாங்கிப் பாருங்கள். முதுகெலும்பு முட்டிக்கொண்டு தெரியக் கூடாது. வாயோரம் நுரையோ சளியோ கூடாது. தாடைக்கடியிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புப் புள்ளிகள் அசைந்தால் அது பேன், அந்தக் கடையில் எதையும் வாங்காதீர்கள். சீறினால் பயப்பட வேண்டாம், அது நலமாக இருக்கிறது என்று பொருள். வால் நீண்டு மெல்லக் கூர்மையாக முடிந்தால் ஆண், குட்டையாகச் சட்டென்று முடிந்தால் பெண். முதல் பாம்புக்கு ஆண் இடத்தை மிச்சப்படுத்தும், பெண் பொதுவாகச் சாப்பாட்டில் ஆவேசம் கூடியது. அல்பினோ, அனகோண்டா என்று வண்ண வகைகளுக்கு விலை ஏறிக்கொண்டே போகும். அந்தப் பணத்தில், சூட்டை அளவோடு நிறுத்தும் கருவியான தெர்மோஸ்டாட் நல்லதாக ஒன்று வாங்கலாம்.

ஒரு பெட்டிக்கு ஒரு பாம்புதான். ஒன்றையொன்று விழுங்கும் வாய்ப்பு உண்டு.

பெட்டி

குட்டிக்கு 35க்கு 20 செ.மீ. தரையுள்ள, மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கங்களில் சூடான கம்பியால் 3 மி.மீ. துளைகள் 20, 30 போடுங்கள், உள்ளிருந்து வெளியே குத்தினால் முனை உள்பக்கம் கீறாது. வளர்ந்த ஆணுக்கு 75க்கு 30 செ.மீ., பெண்ணுக்கு 90க்கு 45 செ.மீ. தரை. உயரம் முக்கியமில்லை, இது ஏறும் பாம்பு அல்ல. முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவுள்ள பெட்டியில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 4, 5 மி.மீ. சந்து இருக்கும். குட்டி அதில் நழுவிப் போய்விடும். ஜன்னல் ஓரம் அடைக்கும் ரோமப்பட்டையை அங்கே ஒட்டிவிடுங்கள்.

தரைக்கு ஆஸ்பென் மரச்சீவல். தேவதாரு, பைன் சீவல்களின் எண்ணெய்கள் மூச்சுக்குக் கேடு. நீள முடிச்சுப் போன்ற சீவலாக இருந்தால் வளை தோண்டினாலும் சரியாது, தூள் போன்றது வேண்டாம். கடையில் சீவலை விரலால் அழுத்தித் துளை போட்டுப் பாருங்கள், துளை நின்றால் வாங்கலாம். குளிர்ப் பக்கம் 8 முதல் 10 செ.மீ. ஆழம், சூட்டுப் பக்கம் 3 முதல் 4 செ.மீ. மட்டும். இந்த வித்தியாசத்துக்கான காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

மறைவிடம் இரண்டு, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு நெருக்கமானதாக இருந்தால்தான் அது பாதுகாப்பாக உணரும். ஒன்றுதான் வைத்தால் பயத்தில் அங்கேயே கிடந்து, சூடு தேவையானபோதும் நகராது. தண்ணீருக்குக் கவிழாத கனமான கிண்ணம், குளிர்ப் பக்கத்தில், பாதி நிரப்பி. சூட்டுப் பக்கம் வைத்தால் ஆவியாகி ஈரப்பதம் ஏறும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் போதும்.

சூடு: இங்கேதான் பாம்புகள் அடிபடுகின்றன

நஞ்சால் மனிதருக்கு நேரும் கேட்டைவிட, பெட்டிக்கு அடியில் சூடு தரும் மின்விரிப்பான ஹீட் மேட்டால் ஹாக்நோஸுக்கு நேரும் கேடு எத்தனையோ மடங்கு அதிகம். காரணம் எளிமையானது. இது தோண்டும் பாம்பு. மேலே 32 டிகிரி வர வேண்டும் என்று மேட்டை ஏற்றிவிட்டு மேலே தெர்மாமீட்டரை நட்டு வைப்பார்கள். மரச்சீவல் போர்வை போலச் சூட்டை அடியிலேயே பிடித்து வைக்கும். மேலே 32 என்றால் அடியில் அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கும். பாம்பு தோண்டிக்கொண்டு நேராக அந்தத் தரையில் போய்ப் படுக்கும். வயிற்றுச் செதில் பழுப்பாகிக் கொப்புளிக்கும் வரை எழாமல் கிடக்கலாம். சூட்டுப் பக்கம் சீவல் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

சரியான வரிசை இது:

1. மேட்டைப் பெட்டிக்கு வெளியே, அடியில், தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஒட்டுங்கள். நான்கு மூலையிலும் 5 மி.மீ. கால் வைத்துப் பெட்டியைத் தூக்குங்கள். காற்று போக வழியில்லையென்றால் கண்ணாடி விரிசல் விடும்.

2. தெர்மோஸ்டாட்டின் சென்சார் முனையை மேட்டுக்கும் பெட்டிக்கும் இடையே செருகுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு தோண்டும்போது முனையைக் குளிர்ப் பக்கம் இழுத்துப்போடும். ‘இன்னும் சூடாகவில்லை’ என்று மேட் ஏறிக்கொண்டே போகும். உள்ளே ஒட்டும் டேப் எதுவும் கூடாது, அதில் ஒட்டிய பாம்பைப் பிரிக்கும்போது தோல் கிழியும்.

3. தெர்மோஸ்டாட்டை 34-இல் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சீவலை ஒதுக்கி, அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் உள்தரையை அளங்கள். 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் காட்டும் வரை ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டிக் குறையுங்கள். குளிர்ப் பக்கம் 22 முதல் 25 இருக்க வேண்டும். இரவில் 20 வரை இறங்கினால் கேடில்லை.

4. இரண்டு நாள், முடிந்தால் ஒரு வாரம், பாம்பில்லாமல் ஓட விடுங்கள். காலை, மதியம், நள்ளிரவு என்று மூன்று வேளையும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெட்டிக்கு மேலிருந்து சூடு தரும் ஹாலோஜன் விளக்கு நல்லது, பகலில் நடமாடும் பாம்பு இது. அதற்கு வெளிச்சத்தை மெதுவாகக் குறைக்கும் வகைத் தெர்மோஸ்டாட் வேண்டும். டக்கென்று அணைத்து எரிக்கும் மலிவு வகையில் பல்பு வாரத்துக்கு ஒன்று போகும். இரவில் சிவப்பு விளக்கும் வேண்டாம். பகல் 12 மணி நேர வெளிச்சம், பிறகு இருட்டு.

தெர்மோஸ்டாட் இல்லாத மேட்டை ஒரு நாள்கூடப் பயன்படுத்தாதீர்கள். அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

சாப்பாடு

உறைய வைத்த எலிக்குஞ்சுகள் ஊர்வனக் கடையில் எடைவாரியாகக் கிடைக்கும். நம் வீடுகளில் முதல் சண்டை நஞ்சைப் பற்றி வராது, ஃப்ரீசரைப் பற்றி வரும். தோசைமாவுக்கும் உறைந்த பட்டாணிக்கும் நடுவே எலி என்றால் எந்த அம்மாவும் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. சின்னத் தனி ஃப்ரீசர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு: எலியின் தடிமன் பாம்பின் நடுவுடம்பைத் தாண்டக் கூடாது. 12 கிராமுக்குட்பட்ட குட்டிக்கு ஒருநாள் வயதான, 1 முதல் 1.5 கிராம் எலிக்குஞ்சு, 5 நாளுக்கு ஒன்று. பாம்பு 30 கிராம் ஆகும் வரை 2, 3 கிராம் குஞ்சு, 6 நாளுக்கு ஒன்று. பிறகு பாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு வாரம் ஒன்று. வளர்ந்த ஆணுக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை 8 முதல் 12 கிராம் எலி போதும், பெண்ணுக்கு 10 நாளுக்கு ஒன்று, 15 முதல் 20 கிராம். ஹாக்நோஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டதெல்லாம் கொடுத்தால் வாலடியில் கொழுப்பு உருண்டு, செதில்களுக்கு நடுவே தோல் தெரிய ஆரம்பிக்கும்.

எலியை முந்தைய நாள் இரவே குளிர்ச்சாதனப் பெட்டியில் ஒரு மூடிய டப்பாவில் இளக விடுங்கள். கொடுப்பதற்கு முன் ஜிப் பையில் போட்டு, கை பொறுக்கும் சுடுதண்ணீரில் 10 நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும், சில நேரம் வெடிக்கும். வயிற்றைக் கிள்ளிப் பாருங்கள், நடுவில் கட்டியாக இருந்தால் இன்னும் 5 நிமிடம். துடைத்து, 25 செ.மீ. நீள இடுக்கியால் பிடித்து, தலைப்பக்கம் முன்னால் வரும்படி நீட்டுங்கள். விரலால் கொடுப்பதுதான் கடிக்கு அழைப்பிதழ்.

தின்ற பிறகு 48 மணி நேரம் தொடக் கூடாது. கக்கிவிட்டால் 10 முதல் 14 நாள் எதுவும் கொடுக்காமல், சூட்டைச் சரிபார்த்து, பிறகு பாதி அளவில் தொடங்குங்கள். உடனே இன்னொன்றைக் கொடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

தின்ன மறுத்தால்

ஹாக்நோஸ் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இதில் வந்து நிற்பார்கள். முதலில் தராசை எடுங்கள். 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு வளர்ந்ததற்குப் போதும், குட்டிக்கு 0.1 கிராம் காட்டும் நகைத்தராசு வகை வேண்டும். வாரம் ஒருமுறை எடையைத் தேதியோடு எழுதுங்கள். வளர்ந்த ஆண் அக்டோபர், நவம்பரில் நிறுத்தி மார்ச் வரை தொடாமல் இருக்கும், எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அது நோயல்ல, பருவம். பத்து நாளுக்கு ஒரு முறை நீட்டிப் பாருங்கள், மறுத்தால் எடுத்துவிடுங்கள். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால்தான் ஊர்வன மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குட்டி மறுத்தால் கதை வேறு, அதற்குச் சேமிப்பு கிடையாது. சூடு சரியா என்று முதலில் பாருங்கள். கண் நீலம் பாரித்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, காத்திருங்கள். இரண்டுமில்லை என்றால், துளை போட்ட சின்ன மூடி டப்பாவில் குட்டியையும் எலிக்குஞ்சையும் போட்டு, பெட்டியின் சூட்டுப் பக்கத்திலேயே இரவு முழுக்க வைத்துவிடுங்கள். இடம் குறுகினால் பல குட்டிகள் தின்றுவிடும். அதற்கும் மசியவில்லை என்றால், உப்புச் சேர்க்காத டின் சூரை மீன் தண்ணீரை எலிமேல் தடவுங்கள். தேரை வாசனைதான் எல்லாவற்றையும்விட வலுவானது, ஆனால் தோட்டத்துத் தேரையைப் பிடித்துக் கொடுத்தால் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும். வாசனை வேலை செய்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வாருங்கள். வாயைத் திறந்து திணிப்பதை மருத்துவரிடம் விடுங்கள்.

கையில் எடுப்பது

வந்த முதல் வாரம் தண்ணீர் மாற்றுவதோடு சரி. இரண்டு முறை ஒழுங்காகத் தின்ற பிறகே தொடலாம். முதலில் வாசனையில்லா சோப்பால் கையைக் கழுவுங்கள், எலி, நாய், பூனை எதைத் தொட்டிருந்தாலும் அந்த வாசனை கையில் இருக்கும். பிறகு அட்டைச் சுருளாலோ கொக்கியாலோ நடுவுடம்பை மெல்லத் தட்டுங்கள். ‘இப்போது சாப்பாடு இல்லை’ என்று அதற்குப் புரியும் சைகை இது. நாலைந்து வாரத்தில் தட்டியதும் தளர்வதைப் பார்க்கலாம். மேலிருந்து பருந்து போலக் கவ்வாமல், பக்கவாட்டில் அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். முதலில் 5 நிமிடம், பிறகு 15 வரை. முகத்தருகே வேண்டாம். எடுத்து வைத்த பிறகும் கையைக் கழுவுங்கள், எல்லா ஊர்வனவற்றிலும் சால்மோனெல்லா இருக்கலாம். 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் தொடக் கூடாது.

கடித்துப் பிடித்துக்கொண்டால்

இழுக்காதீர்கள். பற்கள் பின்னோக்கி வளைந்தவை, இழுத்தால் தோலும் கிழியும், பாம்பின் பல்லும் உடையும். ஆனால் பொறுத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம், ஒவ்வொரு விநாடி மெல்லுதலும் கணக்கில் சேரும்.

குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரை அதன் வாய்மேல் ஓட விடுங்கள். விடவில்லை என்றால் ஆல்கஹால் துடைப்பானை வாயோரம் வையுங்கள், அல்லது ஆல்கஹாலுள்ள மவுத்வாஷ் ஒரு சொட்டு. பெரும்பாலும் சில விநாடியில் விட்டுவிடும். பாம்பின் வாயைப் பிறகு தண்ணீரால் அலசுங்கள்.

மோதிரம், வாட்ச், வளையலை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. சோப்பால் கழுவி, கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். விரலில் கடித்த வீக்கம் மணிக்கட்டைத் தாண்டினாலோ, கொப்புளம் பெரிதானாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு வந்தால் அது ஒவ்வாமை, ஆம்புலன்ஸை அழையுங்கள். பாம்பின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். பல மருத்துவர்கள் இந்தக் கடியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சட்டை, நோய்

இளம் பாம்பு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். கண் மங்கியதும், துளை போட்ட சின்ன டப்பாவில் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமான ஸ்பேக்னம் பாசியை அடைத்து உள்ளே வையுங்கள். உரித்த சட்டையில் இரண்டு கண்மூடியும் (கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதில்) வால் நுனியும் இருக்கிறதா என்று பாருங்கள். வால் நுனியில் வளையமாகத் தங்கினால் ரத்த ஓட்டம் நின்று நுனி அழுகும். கண்மூடி தங்கினால் பிய்க்காதீர்கள், அடுத்த சட்டையோடு வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

வாய் திறந்து மூச்சு, மூக்கில் குமிழி என்றால் நுரையீரல் தொற்று, மருத்துவர்தான் வழி. வயிற்றில் சிவந்த திட்டு ஈரத் தரையால் வந்திருக்கும், ஆகவே எச்சத்தைக் கண்டதும் அள்ளி, சீவல் முழுவதையும் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் போல மிதந்தால் பேன்.

ஊருக்குப் போகும்போது

வளர்ந்த பாம்புக்குப் பத்து நாள் சாப்பாடு இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, தண்ணீர்தான் வேண்டும். கிளம்புவதற்கு 4 நாள் முன்பே கடைசி எலியைக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்தால் சொல்ல வேண்டியவை மூன்று: மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர், தெர்மோஸ்டாட் விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை, பாம்பு கண்ணில் படவில்லை என்றால் சீவலுக்கடியில்தான் இருக்கும், தேடிக் கிளறக் கூடாது. எலியை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.